மேற்கே சாய்ந்த கொடி

செல்வி, தங்கராசு, நீங்கள் ரெண்டு பேரும் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது பள்ளிக்கூடத்து வரைபடப் புத்தகத்தைத் தரையில் விரித்து, விரலால் மலை ஏறி இறங்கி விளையாடுவீர்கள். நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். அப்பாவுக்குப் படிப்பு வாசனை ஆகாது என்று அம்மாவிடம் சொல்லிச் சிரிப்பீர்கள். நானும் ஆமாம் போட்டுவிடுவேன். பயமாக இருக்கிறது என்று பெற்ற பிள்ளைகளிடம் சொல்ல எந்தத் தகப்பனுக்கு வாய் வரும்?

இப்போது உங்களுக்கே பிள்ளைகள் ஆகிவிட்டன. சொல்கிறேன்.

கார்த்திகை மாதம், மழை விட்ட புதுசு. போடிமெட்டு தாண்டி, எஸ்டேட் மண்ரோட்டில் வெகுதூரம் உள்ளே போய், ஒரு புல்மேட்டுக்கு அடியில் ஜீப்பை நிறுத்தியிருந்தேன். பானட் மேல் ஒரு பழைய வரைபடம் கிடந்தது. காற்றுக்குப் பறந்துவிடாமல் நாலு மூலைக்கும் நாலு கல். எஞ்சின் சூடு ஏற ஏற அந்தக் காகிதத்திலிருந்து அந்துருண்டை வாசம் கிளம்பியது.

மூன்று பேர் குனிந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருவர் வரைபட இலாகாவிலிருந்து வந்த சார். இன்னொருவர் உங்கள் சுருளி மாமா. மூன்றாவது நான்.

"என்ன சார் இது, யாரோ ராட்சசன் கட்டைவிரலை மையில முக்கி உருட்டி வச்ச மாதிரில்ல இருக்கு. எந்த ஊரு பத்திர ஆபீசுல எடுத்தது?" என்றார் மாமா.

சார் சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்கு அந்த ஒரு தடவைதான்.

துணி ஒட்டிய காகிதம்

சார் பாளையங்கோட்டைப் பக்கத்து ஆள். என்னைவிடச் சின்ன வயசு. வெள்ளைக்காரன் காலத்தில் வரைந்த மலை வரைபடங்களைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் இருப்பது இப்போதும் தரையில் இருக்கிறதா என்று இடம் இடமாகப் போய்ப் பார்ப்பது அவர் சோலி. ஓடை திசை மாறியிருந்தால் மாற்ற வேண்டும். காடு தோட்டமாகியிருந்தால் குறிக்க வேண்டும். அதற்கு மலையேறுகிற ஜீப்பு தேவைப்பட்டது. போடியில் என் ஜீப்பு அமைந்தது.

எனக்கு எட்டாம் வகுப்புக்கு மேல் படிப்பு இல்லை. ஆனாலும் அவர் சலிக்காமல் சொல்லித் தந்தார். கிழியாமல் இருக்க முதுகில் துணி ஒட்டியிருந்த அந்தக் காகிதத்தில் பழுப்புக் கோடு நெருங்கி இருந்தால் செங்குத்து, விலகி இருந்தால் சமதளம். விட்டு விட்டுப் போட்ட கோடு ஒற்றையடிப் பாதை. நீலத்தில் சின்னச் சின்னப் புல் கொத்து வரைந்திருந்தால் சேற்று நிலம். ஒரு புள்ளி வைத்துப் பக்கத்தில் எண் எழுதியிருந்தால், அந்த இடத்தில் ஒரு காலத்தில் யாரோ கம்பு ஊன்றி நின்று உயரம் அளந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

நாங்கள் போன இடத்துக்கு எஸ்டேட் ஆட்கள் வைத்திருந்த பெயர் வயல். நெல் போட்ட வயல் கிடையாது. நாலு பக்கமும் மேடு சூழ்ந்து, நடுவில் தண்ணீர் நின்று, ஆள் உயரக் கோரை மண்டிய சேற்றுப் பள்ளம். மிளா மான் வரும், காட்டெருமை வரும், ஆனை வரும். ஏலக்காய் எடுக்கப் போகிற பொம்பளைகள் அந்தப் பக்கம் விறகுக்குக்கூடப் போக மாட்டார்கள்.

அந்தப் பள்ளத்தின் எல்லை சுருங்கியிருக்கிறதா என்பதுதான் சாருக்குத் தெரிய வேண்டியிருந்தது. பழைய வரைபடத்தில் பள்ளத்தின் நடுவே வடக்கும் தெற்குமாக ஒரு விட்டு விட்டுப் போட்ட கோடு போனது. பாதை இருந்தால் ஆளை நடுவில் நிறுத்தி அளந்துவிடலாம் என்றார்.

அந்த ஆள் உங்கள் மாமா.

தேவாரத்து வழக்கம்

பஞ்சவர்ணம் அத்தைக்கும் அவருக்கும் கல்யாணமாகி வருசம் திரும்பவில்லை. வளைகாப்பு முடிந்து அத்தையை அப்போதுதான் போடிக்குக் கூட்டி வந்திருந்தோம். கைநிறைய வளையலோடு வீட்டுக்குள் அது நடக்கும் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. மாமாவுக்குச் சொந்த ஊரான தேவாரத்தில் நிலம் இருந்தது. ஆனால் பொண்டாட்டியை விட்டு இருக்க மனசில்லை. ஏதாவது சாக்குச் சொல்லிப் போடியிலேயே சுற்றிக்கொண்டிருந்தார். சாருக்குக் கொடி பிடித்து நிற்க ஒரு கொடிக்காரன் வேண்டும் என்றதும், "நான் வர்றேன் மச்சான்" என்று ஜீப்பில் ஏறிவிட்டார்.

அன்று விடிந்ததும் ஜீப்பை எடுக்கும்போது அத்தை வாசலுக்கு வந்து, "அண்ணே, அவருக்கு மலை புதுசு. பாத்துக் கூட்டியாங்க" என்றது. சோற்று வாளியை என் கையில் தந்துவிட்டு வாளியை விடாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தது.

தேவாரத்துக்காரர்கள் ஆனைக்குப் பயந்தவர்கள் இல்லை. மலையடிவாரத்தில் சோளமும் கடலையும் போடுகிறவர்கள். ஆனை இறங்கினால் தகரத்தைத் தட்டி, பந்தம் கொளுத்தி, ஊரே கூடிக் கத்தி விரட்டிவிடுவார்கள். "ஏ பெரியவரே, போதும், கெளம்புங்க" என்று மரியாதையோடு ஏசுவார்கள். மாமா அதில் பெரிய ஆள். அவர் போடுகிற கூச்சலுக்கு ஆனை மட்டுமல்ல, பக்கத்து ஊர் ஆட்களும் ஓடிவிடுவார்கள் என்று அத்தை கேலி பண்ணும்.

ஆனால் கரும்புக்கும் சோளத்துக்கும் இறங்குகிற ஆனை வேறு. தன் இடத்தில் குட்டியோடு நிற்கிற ஆனை வேறு. எனக்கு அது பட்டுத் தெரிந்தது. ஒரு தடவை ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும்போது, ரோட்டில் குட்டியோடு நின்ற கூட்டத்தைப் பார்த்து ஹாரன் அடித்தேன். தாயானை ஓடவில்லை. சத்தம் வந்த திசைக்குத் திரும்பி வந்தது. உள்ளே இருந்த பொம்பளைகள் சாமி பெயரெல்லாம் சொல்லி அழ, அந்த வளைந்த ரோட்டில் ரிவர்சிலேயே ஜீப்பை விட்டேன். ஒரு பக்கத்து விளக்கும் மட்கார்டும் போனது. உயிர் போகாததற்கு ரோடு இறக்கமாக இருந்ததுதான் காரணம்.

மலையைப் பார்த்து நிற்கிற வேலை

சாரும் நானும் மேட்டு உச்சிக்கு ஏறினோம். மூன்று கால் வைத்த பலகையை நிறுத்தி, வரைபடத்தை அதில் பொருத்தி, தொலைநோக்கியை வைத்தார். கீழே மாமா மூங்கில் கம்பில் கட்டிய சிவப்புக் கொடியோடு கோரைக்குள் போனார். பாதை இருந்தது. வரைபடத்தில் போட்டிருந்த இடத்திலேயே, கோரையைப் பிளந்துகொண்டு, கெட்டியாக, அகலமாக. "பாத்தீங்களா, அத்தன வருசத்துக்கு அப்புறமும் அச்சு மாறல" என்று சார் சந்தோசப்பட்டார்.

என் கையில் ஒரு வெள்ளைக் கொடி. சார் தொலைநோக்கியில் பார்த்துச் சொல்லச் சொல்ல நான் கொடியைச் சாய்க்க வேண்டும். எந்தப் பக்கம் சாய்க்கிறேனோ அந்தப் பக்கம் மாமா நகர வேண்டும். தலைக்கு மேல் தூக்கினால் நில் என்று அர்த்தம். பனி மூடிக் கொடி தெரியாமல் போனால், மாமா கழுத்தில் கிடக்கிற விசிலை ஊத வேண்டும். ஆள் எங்கே இருக்கிறது என்று எங்களுக்குத் தெரிவதற்காக அந்த ஏற்பாடு.

கொடிக்காரன் வேலை முழுக்க மேட்டைப் பார்த்தபடி நிற்பதுதான். திரும்பக் கூடாது. திரும்பினால் கொடி காட்டுவதைத் தவற விட்டுவிடுவான். மாமா பள்ளத்தின் நடுவில் எங்களைப் பார்த்து நின்றார். அவருக்குப் பின்னால் வடக்கு.

எஸ்டேட்காரர்கள் பனியை மஞ்சு என்பார்கள். அது மலையாளச் சொல். மஞ்சு அன்று வருவதும் விலகுவதுமாக இருந்தது. ஒரு விலகலில், சார் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுத்தார். மறுபடி வைத்தார். "அண்ணே" என்றார். குரல் காற்றாக வந்தது.

வடக்குக் கரையில், கோரைக்கு மேலே, கறுப்பாக முதுகுகள். ஒன்றன் பின் ஒன்றாக இறங்கின. வரைபடத்தில் கோடு வளைகிற இடத்தில் அவையும் வளைந்தன. கோடு நேராகிற இடத்தில் அவையும் நேராகின. சார் காகிதத்தைப் பார்த்தார், ஆனைகளைப் பார்த்தார்.

"இது ஆள் பாதை இல்லண்ணே. அந்தக் காலத்துல வரைஞ்சவங்க ஆனைத்தடத்தப் பாத்துட்டு பாதைன்னு போட்டுட்டுப் போயிருக்காங்க."

நடுவில் ஒரு குட்டி இருந்தது. தாயின் காலோடு காலாக வந்தது.

மாமா எங்களைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். கம்பைத் தோளில் சாய்த்திருந்தார்; வெற்றிலை மெல்லுகிற மாதிரி தாடை அசைந்தது.

புள்ளி

கத்தத்தான் வாய் திறந்தேன். சார் என் வாயைப் பொத்தினார். நான் கத்தினால் ஆனைக்கும் கேட்கும். அதைவிட, மாமா திரும்பிப் பார்ப்பார். பார்த்தால் தேவாரத்தில் பிறந்த மனுசன் என்ன செய்வார்? தொண்டை கிழியக் கூச்சல் போடுவார். விசிலை ஊதுவார். குட்டியோடு வருகிற கூட்டம் அந்தக் கோரைக்குள் அவரை என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியும்.

பாதையிலேயே எங்கள் பக்கம் வரச் சொன்னாலும் பயனில்லை. அவர் நடைக்கு முன்னால் அவை வந்து சேர்ந்துவிடும். பாதையை விட்டு விலக வேண்டும். விலகினால் சேறு.

சார் வரைபடத்தின் மேல் விழுந்து தேடினார். பாதைக்கு மேற்கே, நீலப் புல் கொத்துகளுக்கு நடுவில் ஒரு புள்ளியும் எண்ணும் இருந்தன. "இங்க ஒருத்தன் கம்பு ஊன்றி நின்னுருக்கான். அடியில பாறை இருக்கணும். மேற்க காட்டுங்க" என்றார்.

"பாதையே பொய்யின்னீங்க. புள்ளி மட்டும் நெசமா சார்?"

அவர் விரலைப் புள்ளியிலிருந்து எடுக்கவில்லை. "மாப்ள சேத்துல முங்கிட்டா நான் என் தங்கச்சிக்கு என்ன சொல்லுவேன்?" என்றேன்.  அவர் கண்ணில் நீர் கோத்து நின்றது. கோரை மேற்கே சாய்ந்திருந்தது எனக்குத் தெரிந்தது. காற்று கிழக்கிலிருந்து. மேற்கே போனால் வாடையாவது ஆனைக்கு எட்டாது. அந்த ஒரு விசயத்தைப் பிடித்துக்கொண்டு கொடியை மேற்கே சாய்த்தேன்.

மாமா நகர்ந்தார். அளவு சரி பார்க்கிறோம் என்று நினைத்திருப்பார். ரெண்டு எட்டு வைத்துவிட்டு நின்று பார்த்தார். மறுபடி சாய்த்தேன். முழங்கால் வரை இறங்கியது. அவர் கையை விரித்து என்ன என்று கேட்டார். மறுபடி சாய்த்தேன். தொடை. மறுபடி. இடுப்பு. கம்பைக் குறுக்கே போட்டு அதன்மேல் சாய்ந்து தவழ ஆரம்பித்தார். அவ்வளவு தூரத்திலிருந்தும் அவர் வாய் அசைவது தெரிந்தது. என்னைத்தான் ஏசுகிறார்.

உலகத்தில் எந்த மச்சானும் தங்கச்சி புருசனை இப்படிச் சேற்றுக்குள் ஓட்டியிருக்க மாட்டான். என் கை அதைச் செய்துகொண்டிருந்தது. முதல் ஆனை பள்ளத்தின் நடுவுக்கு வந்துவிட்டது. மாமாவின் நெஞ்சளவு சேறு.

மஞ்சு மூடியது.

வெள்ளைக்குள்ளே

இப்போது அவர் விசில் ஊத வேண்டும். ஏற்பாடு அதுதான்.

விசில் கேட்டால் ஆனை திரும்பும். கேட்காவிட்டால் ஆள் முங்கிவிட்டது. நானும் சாரும் அந்த வெள்ளைக்குள் காதை மட்டும் வைத்துக்கொண்டு நின்றோம். கேட்கக் கூடாது என்று ஒரு மூச்சு வேண்டினேன். கேட்டுவிடாதா என்று அடுத்த மூச்சு வேண்டினேன். எந்தச் சாமிக்கும் எதைக் கொடுப்பது என்று புரியாத வேண்டுதல்.

கீழேயிருந்து ஒரு சத்தம் வந்தது. சேற்றிலிருந்து பெரிய காலை உருவும் சத்தம். பளக், பளக் என்று நிதானமாக. பிறகு வயிற்றுக்குள் உருளுகிற மாதிரி ஒரு உறுமல். குட்டிக்குத் தாய் சொல்லும் பேச்சு அது. பிறகு கோரை சரசரத்தது. பிறகு ஒன்றுமே இல்லை.

"கையை எறக்குங்கண்ணே. அவருக்குத் தெரியாது" என்றார் சார்.

நான் இறக்கவில்லை. மஞ்சு ஒரு கண் சிமிட்டும் நேரம் விலகினால்கூட அவர் கொடியைத்தான் பார்ப்பார். இறங்கியிருந்தால் அங்கேயே நின்றுவிடுவார். தோள் மரத்துப்போனது. கொடித்துணி நனைந்து கனத்தது. வீட்டில் வளையல் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும் என்ற நினைப்பு வந்தது. நான் மட்டும் வாசலில் போய் நிற்பேன், தங்கச்சி என் முகத்தைப் பார்க்கும். சாரை அங்கேயே விட்டுவிட்டு ஜீப்பை எடுத்துக்கொண்டு எங்காவது கண்காணாத ஊருக்குப் போய்விடலாம் என்றுகூட நினைத்தேன். பயம் மனுசனை எங்கெல்லாம் கூட்டிப் போகும் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. மஞ்சு கிழக்கிலிருந்து கிழிந்தது. முதலில் கோரை தெரிந்தது. கூட்டம் எங்கள் மேட்டுக்கு வராமல் கிழக்கே திரும்பியிருந்தது; அந்தக் கரையில் கடைசி ஆனையின் பின்புறம் மரத்துக்குள் நுழைந்தது. பள்ளத்தில் சிவப்பு எங்கே என்று தேடினேன். இல்லை.

சார்தான் தொலைநோக்கியில் பார்த்தார். பார்த்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.  அவர் கையை மட்டும் நீட்டிக் காட்டினார்.

புள்ளி வைத்த இடத்தில், கோரைக்கு நடுவே, தண்ணீருக்கு மேலே ஒரு முழம் பாறை. அதன்மேல் சேற்றுப் பொம்மை மாதிரி ஒரு உருவம் குத்தவைத்து உட்கார்ந்திருந்தது. மூங்கில் மட்டும் நிமிர்ந்து நின்றது. கொடியும் சேறாகியிருந்ததால் சிவப்பு தெரியவில்லை.

கொடியைத் தலைக்கு மேல் தூக்க முயன்றேன். கை வரவில்லை. சார் எழுந்து என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

மாமா மேடு ஏறி வரும்போதே ஆரம்பித்துவிட்டார். "யோவ் மச்சான், மேக்க மேக்கன்னா கடலுக்கே அனுப்பிருவியா? என்னைய எருமன்னு நெனச்சியா? விசில் ஊதுவோம்னு பாத்தா முழுக்கச் சேறு. கோரைக் குச்சிய விட்டு நோண்டிக்கிட்டுக் கெடக்கேன். பக்கத்துல வேற எவனோ சேத்துல நடந்து வர்றான். நீதான் தேடி வர்றியோன்னு நெனச்சு, யாரதுன்னு கேக்க வாயத் தொறந்தா, வாயிலயும் சேறு."

நாங்கள் சிரிக்கவில்லை. பேச்சு மெதுவாக நின்றது. எங்கள் முகத்தைப் பார்த்தார். நான் கீழே கையைக் காட்டினேன். பாதை முழுக்கத் தண்ணீர் நிரம்பிக்கொண்டிருந்த பெரிய வட்டக் குழிகள், சின்ன வட்டக் குழிகள். மேட்டிலிருந்தே தெரிந்தன.

மாமா பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு உட்கார்ந்தார். சேறு காய்ந்த முகத்தில் ரெண்டு கோடு இறங்கியது.

"அவகிட்ட சொல்லிப்புடாதீங்க மச்சான்" என்றார். யோவும் நீயும் போய் அந்த நிமிசம் மரியாதை வந்திருந்தது.

வீட்டுக்கு வந்தோம். அத்தை விளக்கேற்றிக்கொண்டிருந்தது. "என்ன இம்புட்டுச் சேறு?" என்று கேட்டது. "உங்கண்ணன் என்னைய நாத்து நட விட்டுட்டாரு" என்றார் மாமா. அத்தை சிரித்தது. வெந்நீர் வைத்தது. மாமா வெந்நீர் தீரும் வரை குளித்தார். மறுநாள் சார் கொடிக்கு வேறு ஆள் பார்த்துக்கொண்டார்.

நான் மட்டும் அன்றைக்குச் சாயங்காலம் ஜீப்பைக் கழுவுவதற்குக் கண்மாய்க் கரைக்கு ஓட்டிப் போனேன். கரையில் யாரும் இல்லை. ஆடு மேய்ப்பவர்கள்கூடப் போய்விட்டிருந்தார்கள். வாளியைக் கீழே வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினேன். மாமாவை நான் இறக்கிவிட்ட சேறு எப்படி இருக்கும் என்று என் காலுக்கும் தெரிய வேண்டும் என்று, வண்டல் பிடித்த பக்கமாகப் பார்த்துத்தான் இறங்கினேன். முழங்கால் போனது. தொடை போனது. இன்னும் ஒரு எட்டு வைத்தேன். இடுப்பு வரை உள்ளே இழுத்தது. அடியில் பாதம் வழுக்கிக்கொண்டே போனது, நிற்க ஒரு இடம் அகப்படவில்லை.

அங்கேயே நின்றேன். கையை எங்கேயும் ஊன்றவில்லை.